கற்ற நாய் நமக்குக் கற்பிக்கும் பாடம்

நாய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே முகஞ்சுளிப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. தெருவோடு போகும் நாயைக் கல்லால் அடிக்கும் சிறுவனைத் தடுப்பாரில்லை. "அது நஜீஸ்தானே!" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஆனால் அதே நாயை ஒரு மாணவனின் இடத்தில் வைத்தும், அதைப் பழக்கும் மனிதனை ஓர் ஆசிரியனின் இடத்தில் வைத்தும் திருமறை குர்ஆன் பேசுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

'அல்மாயிதா' எனும் ஐந்தாம் அத்தியாயத்தின் நான்காம் வசனம், உண்ண ஆகுமானவை எவை என்று மக்கள் கேட்ட கேள்விக்கு விடையாக அருளப்பெற்றது. தூய்மையான உணவுகள் ஆகுமானவை என்று கூறிய இறைவன், அதனோடு சேர்த்து, வேட்டைக்கெனப் பழக்கப்பட்ட பிராணிகள் பிடித்துத் தருவதையும் ஆகுமாக்கினான். அங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. அப்பிராணிகளுக்கு நீங்கள் கற்பிப்பது, அல்லாஹ் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்தே என்று அவன் நினைவூட்டுகிறான். ஆசிரியனாக நிற்கும் வேட்டைக்காரனும் வேறொருவனிடம் கற்ற மாணவனே என்பது இதன் கருத்து.

கல்வியின் சிறப்பை எடுத்துரைத்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இந்த வசனத்தைச் சான்றாகக் காட்டியுள்ளார்கள். கற்ற நாய் பிடித்தது ஹலால்; கல்லாத நாய் பிடித்துக் கொன்றது ஹராம். இனம் ஒன்றே, பல் ஒன்றே, ஓட்டமும் ஒன்றே. இடையில் நின்று வேறுபாட்டை உண்டாக்கியது கல்வி ஒன்றுதான். ஒரு நாயையே கல்வி இவ்வளவு உயர்த்துமாயின் மனிதனை அது எங்கே கொண்டு சேர்க்கும்!

பாலைவனத்துப் பள்ளிக்கூடம்

அரபு நாட்டார் வேட்டைக்குப் பழக்கிய நாய்க்கு 'ஸலூக்கி' என்று பெயர். யமன் நாட்டில் ஸலூக் என்றோர் ஊர் இருந்ததாகவும், அதனாலேயே இப்பெயர் வந்ததாகவும் அரபு மொழியறிஞர் எழுதினர். நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் கூர்ந்த முகமும் கொண்ட இந்த நாய், மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. மோப்பத்தைக் காட்டிலும் கண்ணையே பெரிதும் நம்பி வேட்டையாடுவது. காவலுக்கு நிற்கும் சாதாரண நாயைக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்தும் பதவீ அரபியர், ஸலூக்கியை மட்டும் கூடாரத்துக்குள் அனுமதிப்பர். சுடுமணலில் அதன் பாதம் வெந்துவிடாதிருக்க, வேட்டைக்களம் வரை அதை ஒட்டகத்தின் மேல் ஏற்றிச் செல்வதும் உண்டு.

இதன் கல்வி வீட்டிலேயே தொடங்குகிறது. குட்டியைப் பெண்களும் சிறுவர்களும் கையில் உணவூட்டி வளர்ப்பர். பெயர் சொல்லி அழைத்தால் வருவதே முதற்பாடம். சில மாதங்கள் கடந்தபின் சிறுவர்கள் அதை வெளியே அழைத்துச் சென்று, 'யர்பூஃ' எனும் தாவியோடும் பாலைவன எலியின்மேல் ஏவுவர். அந்தச் சிறு பிராணி நேர்கோட்டில் ஓடாது. திடீர் திடீரெனத் திரும்பும். அதைத் துரத்தித் துரத்தியே குட்டியின் காலும் கண்ணும் ஒன்றோடொன்று இணங்கப் பழகும். அடுத்த பாடம் முயல். உடல் முதிர்ந்து, ஏறத்தாழ ஓராண்டு நிறைந்த பிறகே மானின் பக்கம் கொண்டுபோவர். இளம் எலும்பை அவசரப்பட்டு வருத்தினால் நாய் காலமெல்லாம் கெட்டுப்போகும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது.

முயல் வேட்டைக்குப் பெரும்பாலும் அனுபவமுள்ள ஒரு முதிய நாயோடு சேர்த்தே இளையதை அனுப்புவர். முயல் வளைந்து திரும்பும்போது ஒன்று பின்னாலிருந்து நெருக்க, மற்றொன்று குறுக்கே சென்று மறிக்கும். இந்தக் கூட்டுவேலையை மனிதன் சொல்லிக்கொடுக்க முடியாது. மூத்ததைப் பார்த்தே இளையது கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. எப்போதும் மூத்த நாயின் வாலைப் பற்றியே ஓடும் குட்டி, தானாக முடிவெடுக்கத் தெரியாமல் போய்விடும். வேலையை மற்றதன் தலையில் போட்டுவிட்டுப் பின்தங்கி ஓடப் பழகிவிடும். ஆகவே, தேர்ந்த வேட்டைக்காரர்கள் சில நாள் துணையோடும் சில நாள் தனியாகவும் அதை அனுப்புவர். தனியே போனாலும் தடுமாறாதது, கூட்டத்தில் போனாலும் சண்டையிடாதது என்று இரு வகையிலும் தேறிய பிறகே அது முழுப் பயிற்சி பெற்றதாக மதிக்கப்படும்.

இங்கேயே கடினமான பாடம் வருகிறது. வேட்டை தொடங்கிய சில நொடிகளுக்குள் நாயும் மானும் மணல்மேட்டுக்கு அப்பால் மறைந்துவிடும். எஜமானின் குரல் அங்கே எட்டாது. அவனது கோலும் எட்டாது. பசித்த நாய், தன் பல்லிடையே சூடான இறைச்சி, சுற்றிலும் யாருமில்லை. அந்த இடத்தில் அது தின்னாமல் காத்திருக்க வேண்டும்! எஜமான் வந்து, வேட்டைப் பிராணி உயிரோடிருந்தால் அறுத்து, பிறகு தன் கையாலேயே நாய்க்குரிய பங்கைக் கொடுப்பான். தனக்குரியது எஜமானின் கையிலிருந்து தவறாமல் வரும் என்ற நம்பிக்கை ஊறிய நாய்தான் அந்த வேளையில் தன்னை அடக்கிக்கொள்ளும். அடித்துப் பழக்கிய நாயிடம் அச்சம் இருக்கும். அந்த அச்சம் எஜமான் கண்ணுக்குத் தெரியும் வரையில்தான் நிற்கும்.

அதீ (ரலி) அவர்களின் கேள்விகள்

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மைந்தர் அதீ (ரலி) அவர்கள், தாயி குலத்தின் தலைவர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டையொட்டி இஸ்லாத்தைத் தழுவிய இவர், வேட்டையில் தோய்ந்த குடும்பத்தவர். இவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வேட்டை நாயைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட கேள்விகளும், அண்ணலார் அளித்த விடைகளும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளன.

பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவி, அது உமக்காகப் பிடித்து வைத்திருந்தால் உண்ணலாம்; அது கொன்றுவிட்டிருந்தாலும் சரியே என்பது அண்ணலார் விடையின் முதற் பகுதி. நாய் அதிலிருந்து தின்றுவிட்டிருந்தால் உண்ணலாகாது. அது தனக்காகவே பிடித்திருக்குமோ என்று அஞ்சவேண்டியுள்ளது என்பது இரண்டாம் பகுதி. அதீ (ரலி) அவர்கள் மேலும் கேட்டார்கள்: நான் என் நாயை ஏவுகிறேன், போய்ப் பார்த்தால் அதனோடு வேறொரு நாயும் நிற்கிறது, எது பிடித்தது என்று தெரியவில்லையே? அப்படியானால் உண்ண வேண்டாம். நீர் இறைவன் பெயரைக் கூறியது உமது நாயின் மீதுதான், மற்றதன் மீதன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஒரு நாய் தனியே எப்படி நடந்துகொண்டது, கூட்டத்தில் யாரோடு சேர்ந்துகொண்டது என்ற இரண்டு கேள்விகளின் மீதே அந்த உணவின் ஹலாலும் ஹராமும் நிற்கின்றன.

சட்ட அறிஞர்களின் நுட்பம்

இந்த அடிப்படையின்மேல் நம் இமாம்கள் சட்டங்களை விரித்துரைத்தனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' எனும் ஷாஃபிஈ நூல், நாய் பழகியது என்று சொல்வதற்கு வேண்டிய இலக்கணங்களைத் தருகிறது. ஏவினால் பாய வேண்டும். அதட்டி நிறுத்தினால் நிற்க வேண்டும். பிடித்ததை விட்டுவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து தின்னக் கூடாது. இவை ஒருமுறை நிகழ்ந்தால் போதாது. இது பழகிவிட்டது என்ற எண்ணம் உறுதிப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நிகழவேண்டும். ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா'விலோ, மூன்று முறை தின்னாமல் விட்டுவைப்பது நாயின் பயிற்சிக்கு அடையாளமாகச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கையை வரையறுக்காமல் வேட்டைக்காரரின் தெளிவுக்கே விட்டுவிடும் கருத்தும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைத் தொட்டு அதே நூலில் உண்டு. மாலிகீ மத்ஹபினரோ, நாய் தின்றுவிட்டாலும் அதனால் வேட்டை ஹராமாகாது என்பர்.

ஏவாமலே தானாகக் கிளம்பிய நாய் கொன்றதைப் பற்றியும் பேசப்பட்டுள்ளது. அது ஆகாது. வேட்டை என்பது நாயின் செயலாயினும், நிய்யத்தும் ஏவலும் மனிதனுடையவையாக இருக்க வேண்டும். தானாகக் கிளம்பியதை இடையில் ஒரு முஸ்லிம் இறைவன் பெயர் கூறி அதட்டி ஊக்க, அது அந்தக் குரலுக்கு இணங்கி விரைந்தால் உண்ணலாம் என்று ஹனஃபீ அறிஞர்கள் கூறுவர். ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்தோ அப்போதும் ஆகாது என்பதே.

கூட்டமாக நாய்கள் சேர்ந்து பிடித்தால்? எல்லாம் பழகியவையாகவும், முறைப்படி பிஸ்மில்லாஹ் கூறி ஏவப்பட்டவையாகவும் இருந்தால் தடையில்லை. பழகாத ஒன்று, அல்லது ஏவப்படாத ஒன்று அந்தக் கொலையில் பங்குபெற்றால் முழு வேட்டையும் ஆகாமற் போகிறது. ஹலாலும் ஹராமும் பிரிக்கமுடியாமல் கலந்தால் ஹராமின் பக்கமே ஓங்கும் என்ற விதி இங்கே செயற்படுகிறது. ஆயினும் பிராணி உயிரோடு கிடைத்து, முறைப்படி அறுக்கப்பட்டுவிட்டால் பழகாத நாய் பிடித்ததும் ஆகும். அபூஸஃலபா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் இவ்வாறு அனுமதி அளித்தார்கள்.

இன்னுமொரு நுட்பத்தைக் கேளுங்கள். பலமுறை தின்னாமல் பிடித்துத் தந்த நாய், ஒருநாள் தின்றுவிடுகிறது. அன்றைய வேட்டை ஹராம் என்பது தெளிவு. முன்பு பிடித்தவற்றில், வீட்டில் சேமித்து வைத்திருக்கும் இறைச்சியின் நிலை என்ன? அதுவும் ஆகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அந்த நாய் உண்மையில் கற்றிருக்கவேயில்லை என்பது இன்று வெளிப்பட்டுவிட்டதல்லவா? அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இதில் மாறுபடுகின்றனர். கற்றதை மறப்பதும் உண்டு, ஆகவே பழையவை ஆகுமானவையே என்பர்.

ஒரு தூக்குச் சட்டியின் கதை

இந்தப் பாடத்தை நான் ஓதியபோது எனக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும். காவிரிக் கரையோரத்து மதரஸா ஒன்றில் பயின்றுகொண்டிருந்தேன். வேட்டையும் அறியாத, பாலைவனமும் அறியாத எங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று மாணவர்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் உஸ்தாது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். திருமண வீடொன்றிலிருந்து அவர்களுக்கு உணவு வாங்கி வர என்னை அனுப்பினார்கள். நெய்ச்சோறும் கறியும் நிறைந்த தூக்குச் சட்டியோடு வாய்க்கால் கரை வழியே வந்தேன். பசி. நண்பகல். கரையில் ஒருவருமில்லை. புளியமரத்தடியில் மூடியைத் திறந்து இரண்டு துண்டுக் கறியைத் தின்றேன். வாய்க்கால் நீரில் கையையும் வாயையும் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் சட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். உஸ்தாது அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நீயும் சாப்பிட்டிருக்க மாட்டாயே, உட்கார் தம்பி" என்று கூறி, இருந்ததில் நல்ல துண்டுகளை எடுத்துத் தம் கையால் என் தட்டில் வைத்தார்கள். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு வேட்டைப் பாடம் வந்தது. தின்றுவிட்டால் அது தனக்காகவே பிடித்தது என்ற இடத்தை வாசித்தபோது என் குரல் நின்றுவிட்டது. பாடம் முடிந்து மற்றவர்கள் எழுந்துபோன பின் நடந்ததைச் சொல்லி அழுதேன். உஸ்தாது சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "கிதாபில் அடுத்த வரியைப் படி" என்றார்கள். பழகிய நாய் பின்னொரு நாள் தின்றுவிட்டால், அதற்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதே அடுத்த வரி. "விரட்டிவிடு என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை, உஸ்தாத்" என்றேன். "அப்படியானால் இன்றைக்குத் தொடங்கு" என்றார்கள். மறுவாரமே வேறொரு வீட்டிலிருந்து உணவு வாங்கிவர என்னையே மீண்டும் அனுப்பினார்கள். அன்று வாய்க்கால் கரையில் நான் நடந்த நடையை இன்றுவரை மறக்கவில்லை.

மறைவில் அஞ்சுவோர்

அதே அல்மாயிதா அத்தியாயத்தின் 94ஆம் வசனம் இதனோடு இணைத்து ஓதத்தக்கது. இஹ்ராமில் இருப்போருக்கு வேட்டை தடுக்கப்பட்டது. ஆனால் கைக்கெட்டும் தொலைவிலும் ஈட்டிக்கெட்டும் தொலைவிலும் வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து இறைவன் சோதிப்பான். மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என்று வெளிப்படுத்துவதற்காக. பயிற்சி பெற்ற நாய்க்கு மணல்மேட்டுக்கு அப்பால் வைக்கப்படும் சோதனையும், மனிதனுக்கு வைக்கப்படும் இந்தச் சோதனையும் ஒன்றையொன்று ஒத்திருக்கக் காண்கிறோம். நாய்க்கு எஜமானின் கண் எட்டாத இடம் உண்டு. நமக்கோ அப்படியோர் இடமே இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் ஷைஸர் கோட்டையில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் (1095-1188) தம் வாழ்க்கைக் குறிப்புகளில் தம் தந்தையைப் பற்றி எழுதியுள்ளார். அவர் வேட்டையில் பெருவிருப்பு கொண்டவர்; நாய்களையும் பருந்துகளையும் தேடிப் பெற்று வளர்த்தவர். அதே நேரத்தில் தம் கைப்படத் திருக்குர்ஆனை நாற்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள் எழுதியவர். வேட்டைக்குப் புறப்பட்டு ஊர்வாயிலைத் தாண்டியதும், பிரிந்து சென்று அவரவர் ஓதவேண்டிய பகுதியை ஓதுங்கள் என்று பிள்ளைகளிடம் கூறுவாராம். அவர்கள் சிதறித் தனித்தனியே ஓதிக்கொண்டு செல்வர். களத்தை அடைந்ததும் அனைவரையும் அழைப்பித்து, யார் எவ்வளவு ஓதினீர்கள் என்று கேட்பாராம். தனிமையிலும் கடமை தவறாதிருக்கவும், அழைத்தபோது கூட்டத்தில் வந்து சேரவும் தம் மக்களைப் பழக்கிய தந்தை அவர்.

நம் பிள்ளைகள் விடுதியிலும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் தனியே வாழ்கின்றனர். அவர்களின் கையிலுள்ள கைப்பேசிக்குள் என்ன இருக்கிறது என்று தாயும் அறியார், தந்தையும் அறியார். அதட்டலால் மட்டுமே வளர்த்த பிள்ளை, அதட்டும் குரல் எட்டாத தூரத்தில் என்ன செய்யும்? அன்போடு பழக்கி, அவனுக்குரியதை நம் கையால் தவறாமல் கொடுத்து, தனியே நிற்கவும் நல்லோரோடு சேரவும் கற்றுத்தந்தோமா? அவன் யாரோடு ஓடுகிறான் என்று பார்த்தோமா? தவறி விழுந்தவனை விரட்டினோமா, அல்லது மீண்டும் தொடங்கச் சொன்னோமா?

தூய்மையும் கருணையும்

நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்து கழுவவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மூன்று முறை கழுவுவது போதும் என்பது ஹனஃபீ மத்ஹபு. வேட்டைப் பிராணியில் நாயின் பல் பட்ட இடத்தையும் நீராலும் மண்ணாலும் கழுவிவிட்டு உண்ணலாம், வெட்டியெறிய வேண்டியதில்லை என்பர் ஷாஃபிஈ அறிஞர். வேட்டை, மந்தை, பயிர் ஆகியவற்றின் தேவைக்கன்றி நாய் வளர்ப்பதால் நற்கூலி குறையும் என்ற எச்சரிக்கையும் நபிமொழியில் உண்டு. இவை யாவும் தூய்மையைப் பற்றிய விதிகளே தவிர, வெறுப்புக்கோ வதைக்கோ தரப்பட்ட அனுமதி அல்ல. தாகத்தால் தவித்த நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்று அறிவித்ததும் அதே திருநபி (ஸல்) அவர்களே. குகைத் தோழர்களின் வாயிலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைத் திருமறை நினைவுகூர்கிறது.

வேட்டையின் அனுமதியை விளையாட்டுக் கொலைக்குச் சாதகமாக எவரும் கொள்ள வேண்டாம். உயிருள்ள ஒன்றைக் குறிபார்க்கும் இலக்காக்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நம் தென்பாண்டிச் சீமையிலும் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்கள் உண்டு. முயல் பிடிப்பதற்குப் பெயர்பெற்றவை அவை. ஆனால் இன்று இந்திய நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முயல், மான் முதலியவற்றை வேட்டையாடுவது குற்றம். அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் அந்தச் சட்டத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்கள்.

எனவே, வேட்டை நம் கையில் இல்லை. ஆனால் வேட்டைப் பாடம் நம் கையில் இருக்கிறது. இறைவன் தந்த பாடத்தை ஒரு நாய் கற்றுத் தேறும்போது, கலிமா சொன்ன நாம் தோற்றுப்போகலாமா? இன்று ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இதைச் சொல்லிக்கொடுப்போம். அதற்கு முன்பாக, யாருமில்லா வாய்க்கால் கரையில் நம் கை எங்கே போகிறது என்று நாமே பார்த்துக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம்மை மறைவிலும் தன்னை அஞ்சும் நல்லடியார்களாக ஆக்கி, நம் உணவையும் உழைப்பையும் ஹலாலாக்கி அருள்வானாக! ஆமீன்.